டர்போ எஞ்சினும் அமுக்க விகிதமும்

வேளச்சேரியின் ஒரு பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் மதிற்சுவர் நீண்டு செல்கிறது. சுவருக்கு அப்பால், 1959-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பெற்ற அக்கல்விக்கூடத்தில், எஞ்சின்களை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகமும், எரிதலைப் பற்றி ஆராய்வதற்கென்று ஒரு தேசிய மையமும் உள்ளன. சுவருக்கு இப்பால் சிறிய மோட்டார்ப் பட்டறைகள் உள்ளன. அப்பட்டறைகளுள் ஒன்றில் சென்ற கோடையில் நான் கண்ட ஒரு பிஸ்டன்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

அந்தப் பிஸ்டன் ஒரு தகரத் தட்டில் எண்ணெய் படிந்து கிடந்தது. மேல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய சுவர், நகத்தைக் கிள்ளி எறிந்தாற்போல ஓரிடத்தில் உடைந்திருந்தது. பொறியியற் கல்லூரி மாணவர் நால்வர் அதைச் சுற்றி நின்றிருந்தனர். அவர்கள் தம் சேமிப்பையெல்லாம் போட்டுப் பழைய மாருதி எஸ்டீம் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எஞ்சினுக்கு ஒரு டர்போசார்ஜரைப் பொருத்தினார்கள். முதல் நாள் வண்டி பறந்தது. இரண்டாம் நாள் நடுப்பகலில் புகை கக்கி நின்றுவிட்டது. பட்டறைக்காரர் அனுபவசாலி. "எஞ்சின் தட்டுச்சு, தம்பிங்க காதுல விழல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாணவருள் ஒருவர் என்னைப் பார்த்து, "சார், இந்தத் தடவை அமுக்க விகிதத்தை எட்டு வைப்பதா, ஒன்பதே இருக்கட்டுமா?" என்று கேட்டார். எட்டா, ஒன்பதா என்ற இந்தச் சிறு கேள்விக்கு விடை சொல்வதற்குள் பெட்ரோலின் இயல்பு, காற்றின் வெப்பம், உலோகத்தின் வலிமை ஆகிய யாவற்றையும் தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அமுக்க விகிதம் என்பது யாது எனக் காண்போம். கம்ப்ரஷன் ரேஷியோ என்று பட்டறைகளில் வழங்குவது இதுவே. உருளையின் அடிவரை பிஸ்டன் இறங்கி நிற்கும்போது அதன் மேல் எவ்வளவு இடம் இருக்கிறது, உச்சிவரை ஏறி நிற்கும்போது எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். எஸ்டீம் எஞ்சினின் உருளை 74 மில்லிமீட்டர் விட்டம் உடையது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.5 மில்லிமீட்டர். கணக்கிட்டால் ஓர் உருளையில் பிஸ்டன் துடைத்துச் செல்லும் கொள்ளளவு 324.7 கன சென்டிமீட்டர். நான்கு உருளைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,298. விகிதம் ஒன்பதாக இருக்க வேண்டுமானால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தலைக்கு மேல் 40.6 கன சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். எட்டாக இருக்க வேண்டுமானால் 46.4. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 5.8 கன சென்டிமீட்டர். அதாவது மருந்து குடிக்கும் தேக்கரண்டி ஒன்றுக்குச் சற்று மேல். பிஸ்டனின் தலைப்பரப்பில் அதைப் பரப்பினால் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்கூட வராது. எஞ்சின் பிழைப்பதும் உடைவதும் இந்தத் தேக்கரண்டி அளவில் அடங்கியிருக்கிறது என்றால் வியப்பாகத்தான் இருக்கும்.

அமுக்கம் மிகுந்தால் நன்மையா, தீமையா? நன்மைதான். எரிந்த வாயு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வேலையை அது நமக்குச் செய்து கொடுக்கிறது. சிறிய இடத்தில் தொடங்கி விரியும் வாயு, தன் வெப்பத்தில் பெரும்பங்கைப் பிஸ்டனுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வெளியேறும். பெரிய இடத்தில் தொடங்கியதோ, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சூட்டோடு புகைக்குழாயில் ஓடிவிடும். கல்லூரிப் பாடநூல்களில் வரும் ஆட்டோ சுழற்சியின்படி கணக்கிட்டால், விகிதம் எட்டாக உள்ளபோது வெப்பத்தில் நூற்றுக்கு 56 பங்கும், ஒன்பதாக உள்ளபோது 58 பங்கும், பத்தாக உள்ளபோது 60 பங்கும் வேலையாக மாறக்கூடும். மெய்யான எஞ்சினில் உராய்வும் வெப்ப இழப்பும் போக இதில் பாதியளவே கைக்கு வரும். ஆயினும் ஒரு விகிதப் படி இறங்கினால் மூன்று, நான்கு சதவீதப் பயன் போகிறது என்ற ஒப்பீடு பெரும்பாலும் நிற்கும். அந்த இழப்பு வேகமாகப் போகும்போது மட்டும் ஏற்படுவதன்று. விஜயநகர் நிறுத்தத்தின் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், டர்போ உறங்கிக்கொண்டிருக்கும்போதும், எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஏற்படுவது.

அப்படியானால் விகிதத்தை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் பெட்ரோல் தடுக்கிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் அதைச் சூழ்ந்த கலவையில் தீப்பற்றி, தீயின் முகப்பு அறை முழுவதும் சீராகப் பரவிச் செல்ல வேண்டும். எரிந்த பகுதி விரிந்து, இன்னும் எரியாமல் மூலையில் ஒதுங்கியிருக்கும் கலவையை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட கலவை சூடேறுகிறது. தீ தன்னை வந்து எட்டும் வரை அது பொறுத்திருந்தால் யாதொரு தீங்கும் இல்லை. பொறுக்காமல் தானே ஒரே கணத்தில் பற்றிக்கொண்டால், உருளைக்குள் சுத்தியலால் அடித்தாற்போல அழுத்த அலை எழுகிறது. அந்த ஓசையைத்தான் 'நாக்கிங்' என்கிறார்கள். 'எஞ்சின் தட்டுகிறது' என்று நம் மெக்கானிக்குகள் சொல்வதும் அதையே. அடி தொடர்ந்தால் பிஸ்டனின் வளையச் சுவர் உடையும், தலை உருகும், தலைக்கும் உடலுக்கும் இடையே உள்ள கேஸ்கெட் கிழியும்.

இந்தத் தட்டலை முறையாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அவர், ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஆய்வு எஞ்சின் ஒன்றை அமைத்து, எந்தப் பெட்ரோல் எந்த விகிதம் வரை தட்டாமல் தாங்கும் என்று ஒவ்வொன்றாக அளந்தார். தட்டல் என்பது எஞ்சினின் குற்றம் மட்டும் அன்று, எரிபொருளின் குணத்தையும் பொறுத்தது என்பது இத்தகைய ஆய்வுகளால் விளங்கிற்று. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்கிலி என்பவர் ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குவதைக் கண்டார். எஞ்சின்கள் பிழைத்தன, காற்றில் நஞ்சு கலந்தது. நம் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியது 2000-ஆம் ஆண்டில்தான். ஈயம் போன பிறகு, ஆக்டேன் எண்ணைச் சுத்திகரிப்பு முறையாலும் எத்தனால் போன்ற கலவைகளாலும் உயர்த்துகிறார்கள். பி.எஸ். 6 விதிகள் சாதாரணப் பெட்ரோலுக்கு வகுத்த குறைந்த ஆக்டேன் எண் 91, உயர்வகைக்கு 95. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 எண்ணுள்ள பெட்ரோலையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண் கூடக்கூட, மூலையில் உள்ள கலவையின் பொறுமை கூடுகிறது என்று பொருள். எண் கூடினால் வண்டியின் சக்தி தானாகக் கூடும் என்று கருதி விலையுயர்ந்த பெட்ரோலைச் சாதாரண வண்டியில் ஊற்றுபவர்கள் பலர். அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும் எஞ்சினாக இல்லாவிட்டால் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இனி டர்போவுக்கு வருவோம். எஞ்சினின் புகை வெறுமனே வெளியேறாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றிச் செல்கிறது. அதே அச்சில் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை உறிஞ்சி, நெருக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் பூக்கி என்ற பொறியாளர் 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று இக்கருவி சென்னைக்கு அயலான பொருள் அன்று. பழைய மாமல்லபுரம் சாலை வழியே தெற்கே போனால் வரும் பையனூரில் டர்போசார்ஜர்களைச் செய்யும் தொழிற்சாலையே இருக்கிறது. கூடுதல் காற்று புகுந்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம்; கூடுதல் சக்தி பிறக்கும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும்.

ஆனால் காற்றை நெருக்கினால் அது சூடாகும் அன்றோ? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். நம் மாணவர்களின் எஞ்சினில் நடந்தது என்ன என்பதை ஒரு கணக்கால் காண்போம். கணக்கு எளிது, கல்லூரி மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். உட்செல்லும் காற்றின் வெப்பநிலையைக் கெல்வின் அளவில் எடுத்து, அமுக்க விகிதத்தின் 0.35 அடுக்கால் பெருக்கினால், அமுக்கத்தின் முடிவில், பொறி விழுவதற்கு முன், கலவை எவ்வளவு சூடாயிருக்கும் என்பது தோராயமாக வரும்.

சென்னையின் மே மாத நடுப்பகலை எடுத்துக்கொள்வோம். காற்று 40 டிகிரி செல்சியஸ். டர்போ இல்லாமல், விகிதம் ஒன்பதாக இருந்தால், அமுக்க முடிவில் வெப்பநிலை சுமார் 402 டிகிரி. எட்டாக இருந்தால் 375. ஒரு படி இறங்கினால் 27 டிகிரி லாபம். இப்போது டர்போவைப் பொருத்தி, வளிமண்டல அழுத்தத்தைப் போல 1.6 மடங்குக்குக் காற்றை நெருக்குவோம். நூற்றுக்கு 65 பங்கு திறமையுள்ள நெருக்கியிலிருந்து வெளிவரும் காற்று 109 டிகிரியில் இருக்கும். தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிய காற்று! அதை அப்படியே விகிதம் ஒன்பதுள்ள எஞ்சினுக்குள் விட்டால், அமுக்க முடிவில் 551 டிகிரி. விகிதத்தை எட்டாக்கினால் 518. ஏழாக்கினால்கூட 482.

இனி, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓர் இன்டர்கூலரை, அதாவது காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை வைப்போம். ஏறிய சூட்டில் நூற்றுக்கு 70 பங்கை அது நீக்கிவிட்டால் காற்று 61 டிகிரியில் உள்ளே போகும். அமுக்க விகிதத்தைத் தொடாமல் ஒன்பதாகவே விட்டாலும் முடிவு வெப்பநிலை 448 டிகிரிதான். இன்டர்கூலர் இல்லாத ஏழைவிட, இன்டர்கூலர் உள்ள ஒன்பது குளிர்ச்சியாக இருக்கிறது! அதோடு, குளிர்ந்த காற்று அடர்ந்தது. இன்டர்கூலர் இல்லாதபோது எஞ்சினுக்குள் புகும் காற்று முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 31 பங்கே அதிகம்; இருக்கும்போது 50 பங்கு அதிகம்.

நான் அந்த மாணவர்களிடம் கேட்ட முதற்கேள்வி, "உள்ளே போன காற்று எத்தனை டிகிரியில் இருந்தது?" என்பதுதான். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுத்தத்தைக் காட்டும் அழகான கடிகார முள் ஒன்றை ஓட்டுநர் கண்ணெதிரே பொருத்தியிருந்தார்கள். வெப்பத்தைக் காட்டும் கருவி எங்கும் இல்லை. இன்டர்கூலரும் இல்லை. முன்பக்கத்தில் இடம் போதவில்லை என்று அதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். 551 டிகிரி வரையில் சூடேற்றிய கலவையை 91 ஆக்டேன் பெட்ரோலோடு எரித்தால் தட்டாமல் வேறு என்ன செய்யும்?

இங்கே பட்டறைகளில் வழங்கும் ஒரு வாய்ப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமுக்க விகிதத்தை டர்போ தரும் அழுத்த மடங்கால் பெருக்கி, 'மெய்யான அமுக்க விகிதம்' என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். ஒன்பதை 1.6-ஆல் பெருக்கினால் 14.4. அந்த எண்ணைக் கேட்டுப் பலர் அஞ்சி விகிதத்தை ஏழுக்கும் அதற்குக் கீழும் இறக்கிவிடுகிறார்கள். அந்தப் பெருக்கல் அழுத்தத்தை ஒருவாறு காட்டுகிறதேயொழிய, வெப்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இன்டர்கூலர் உள்ள எஞ்சினுக்கும் இல்லாத எஞ்சினுக்கும் அதில் ஒரே விடைதான் வரும். இவ்வளவு பெரிய வேற்றுமையைக் காணாத வாய்ப்பாட்டை நம்பிப் பிஸ்டன் வாங்குவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் அழுத்தத்தை அறவே ஒதுக்கிவிடவும் முடியாது. தட்டல் வெப்பத்தை மட்டுமன்றி அழுத்தத்தையும் பொறுத்தது. மேற்சொன்ன டர்போ எஞ்சினில் விகிதம் ஒன்பதானால் அமுக்க முடிவில் சுமார் 31 வளிமண்டல அழுத்தம் இருக்கும். எட்டானால் 26 அல்லது 27. டர்போ இல்லாத எஞ்சினிலோ ஒன்பதுக்கு 19 மட்டுமே. எனவே இன்டர்கூலர் பெற்றுத் தந்த குளிர்ச்சியில் ஒரு பகுதியை அழுத்தம் விழுங்கிவிடுகிறது. விகிதத்தைச் சற்றேனும் இறக்க வேண்டியிருப்பது இதனால்தான். எவ்வளவு இறக்குவது என்பதே கேள்வி.

இக்கேள்விக்குப் பெரிய தொழிற்சாலைகளே ஒரே ஆண்டில் நேர்மாறான விடைகளைத் தந்திருக்கின்றன. 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இரண்டு பிரிவுகள் டர்போ கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. செவ்ரலே பிரிவு, தன் கோர்வேர் வண்டியின் விகிதத்தை எட்டாக இறக்கிற்று. ஓல்ட்ஸ்மொபீல் பிரிவோ, ஜெட்ஃபயர் என்னும் வண்டியில் விகிதத்தை 10.25 ஆகவே வைத்துக்கொண்டது. தட்டலைத் தடுக்க அது ஒரு தந்திரம் செய்தது: தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு சிறு தொட்டியில் நிரப்பி, டர்போ வேலை செய்யும்போது அதைக் காற்றோடு தெளித்தது. திரவம் ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்தது. பொறியியல் நோக்கில் மிகச் சரியான யோசனை. ஆனால் தொட்டியை நிரப்ப வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர். அவர் மறந்துவிட்டால் எஞ்சின் உடையாதபடி டர்போவின் அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஏற்பாடும் இருந்தது. அப்போது வாங்கிய சக்தி கிடைக்காமல் சொந்தக்காரர் கோபம் கொண்டார். பல வண்டிகளிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டார்கள். 1963-உடன் ஜெட்ஃபயர் நின்றது. குறைந்த விகிதமுள்ள கோர்வேரின் டர்போ எஞ்சின் 1966 வரை விற்பனையில் இருந்தது. எண் சரியாயிருந்தால் மட்டும் போதாது. வண்டியை வைத்திருப்பவரின் பழக்கமும் அந்த எண்ணோடு பொருந்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு சுவீடனின் சாப் நிறுவனம் 1977-இல் 99 டர்போவைக் காட்சிக்கு வைத்தபோது விகிதத்தை 7.2 வரை இறக்கியிருந்தது. எஞ்சின் உடையவில்லை, ஆனால் டர்போ விழித்துக்கொள்ளும் வரை சோம்பலாகத்தான் இருந்தது. சில ஆண்டுகளில் அதே நிறுவனம் உருளைத் தொகுதியில் ஒரு 'காது' வைத்தது. தட்டல் தொடங்கும் ஒலியை அந்த உணரி கேட்டதும், டர்போவின் அழுத்தம் தானே குறையும். காது வந்ததும் விகிதத்தை 8.5-க்கு ஏற்ற முடிந்தது. பின்னர் உருளைக்குள்ளேயே பெட்ரோலை நேராகத் தெளிக்கும் முறை பரவிற்று. பெட்ரோல் ஆவியாகும்போது உருளைக்குள் இருக்கும் காற்றையே குளிர்விக்கிறது. 2013-இல் மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஈகோஸ்போர்ட் வண்டிகளில் சிலவற்றுக்கு இருந்த ஒரு லிட்டர் டர்போ எஞ்சினின் விகிதம் பத்து. அத்தொழிற்சாலையில் வண்டி உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. அந்த வண்டிகள் இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. ஆக, 7.2-லிருந்து பத்து வரை விகிதம் ஏறியது யாரும் துணிச்சல் கொண்டதால் அன்று. குளிர்விக்கும் வழியும், தட்டலைக் கேட்கும் காதும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததால்.

இப்போது நம் வேளச்சேரி எஞ்சினுக்குத் திரும்புவோம். அதில் நேரடித் தெளிப்பு இல்லை. பெட்ரோல், உட்செல்லும் குழாயில்தான் தெளிக்கப்படுகிறது. பொறி விழும் நேரத்தை மாற்றியமைக்கும் புதிய மின்னணுப் பெட்டி ஒன்றை மாணவர்கள் வாங்கியிருந்தார்கள். ஊற்றப்போவது எந்தப் பெட்ரோல் என்று கேட்டேன். "பந்தயத்தன்று 95 ஊற்றுவோம் சார், மற்ற நாளில் பக்கத்து பங்கில் கிடைப்பதுதான்" என்றார்கள். அப்படியானால் பக்கத்து பங்கில் கிடைப்பதற்குத்தான் எஞ்சினைக் கட்ட வேண்டும். டர்போவின் அழுத்தத்தைத் திருகி ஏற்றலாம், இறக்கலாம், பொறி விழும் நேரத்தைக் கணினியில் மாற்றலாம், பெட்ரோலையும் மாற்றலாம். எஞ்சினைப் பிரிக்காமல் மாற்ற முடியாதது அமுக்க விகிதம் ஒன்றுதான். ஆகவே அதை மற்ற யாவும் தீர்மானமான பிறகு, கடைசியில் தீர்மானிக்க வேண்டும். அவர்களோ அதை முதலில் தீர்மானிக்க முயன்றார்கள்.

எட்டு வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விகிதம் குறைந்தால் வாயு விரிவது குறையும். எனவே புகை கூடுதல் சூட்டோடு வெளியேறும். பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தினாலும் இதே விளைவுதான். அந்தச் சூடு புகை வால்வையும் டர்போவின் சக்கரத்தையும் தாக்கும். தட்டலுக்கு அஞ்சி விகிதத்தை மிகவும் இறக்குவதும், பொறியை மிகவும் தாமதப்படுத்துவதும், தொல்லையை உருளையிலிருந்து டர்போவுக்கு மாற்றுவதேயன்றி நீக்குவதாகாது.

நான் சொன்ன எண் 8.5. இன்டர்கூலர் கட்டாயம், உட்செல்லும் குழாயில் ஒரு வெப்பமானி கட்டாயம், காற்று 65 டிகிரியைத் தாண்டினால் டர்போ அழுத்தம் தானே இறங்கும்படி மின்னணுப் பெட்டியில் ஏற்பாடு, அழுத்தம் 1.6 மடங்குக்கு மேல் இல்லை. இந்த நிபந்தனைகளோடு சேர்ந்ததுதான் 8.5. இவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டால் அந்த எண்ணையும் எடுத்துவிட வேண்டும்.

ஒன்பதிலிருந்து 8.5-க்கு இறங்க 2.7 கன சென்டிமீட்டர் இடம் கூடுதலாக வேண்டும், அரைத் தேக்கரண்டி. அதை எங்கே உண்டாக்குவது? தடித்த கேஸ்கெட் ஒன்றை வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று மாணவர் ஒருவர் சொன்னார். மலிவான வழி என்பது உண்மை. ஆனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் மேல்தலைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சந்துதான் இருக்கும். அந்தச் சந்திலிருந்து கலவை பிதுக்கப்பட்டு நடுவறைக்குள் சுழன்று பாய்கிறது, எரிதல் விரைவாகிறது, ஓரத்தில் தனித்துக் கிடந்து தட்டுவதற்குக் கலவை மிஞ்சுவதில்லை. கேஸ்கெட்டைத் தடிக்கவிட்டால் சந்து அகன்று, இந்தப் பாய்ச்சல் கெடும். விகிதம் குறைந்தும் தட்டல் குறையாத எஞ்சின்கள் பல இப்படிக் கெட்டவையே. ஆகையால், இடத்தைப் பிஸ்டனின் தலை நடுவில் கிண்ணம்போலக் குடைந்துதான் உண்டாக்க வேண்டும். அதுவும் உருக்கி வார்த்த பழைய பிஸ்டனில் வேண்டாம், அடித்து உருவாக்கிய பிஸ்டனில் என்றேன். வார்ப்பு உலோகம் வெடுக்கென்று உடையும் இயல்புடையது. அடித்து உருவாக்கியது அதே அடியைச் சற்று வளைந்தேனும் தாங்கும். 1949-இலேயே செம்பியத்தில் பிஸ்டன் தொழிற்சாலை தொடங்கிய நகரம் இது. பிஸ்டனைப் பற்றி அறிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பதிவுச் சான்றில் குறித்த எஞ்சினின் அமைப்பை மாற்றிவிட்டு அந்த வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை. அவர்கள் வண்டியை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோகவே எண்ணியிருந்தார்கள். 1990 முதல் பந்தயங்கள் நடக்கும் அந்தத் தடம் இருப்பது இதற்காகத்தான். அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயம் பார்த்த தலைமுறை, வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டே எஞ்சினின் ஒலியைக் கேட்டுத் தட்டுகிறதா இல்லையா என்று சொல்லிவிடும்.

விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தொல்லையே இல்லாத எஞ்சினும் இப்போது வந்துவிட்டது. நிஸ்ஸான் நிறுவனம் 2024-இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்-டிரெயில் வண்டியில், பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டுகளை ஒரு மின்மோட்டார் சாய்த்து, ஓடும்போதே விகிதத்தை எட்டிலிருந்து பதினான்கு வரை மாற்றுகிறது. மெதுவாகப் போகும்போது பதினான்கு. டர்போ முழுமூச்சோடு ஊதும்போது எட்டு. ரிக்கார்டோ ஆய்வகத்தில் செய்ததை இந்த எஞ்சின் சாலையில் செய்கிறது. இதைப் பற்றிச் சொன்னதும் மாணவர்களின் கண்கள் மலர்ந்தன. விலையைச் சொன்னதும் பழைய எஸ்டீமையே திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து நான் போனபோது, மேல்தலையைக் கவிழ்த்து வைத்து, அதன் எரி அறையின் மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டியிருந்தார்கள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இரவல் வாங்கிய பியூரெட்டால், தகட்டிலிருந்த சிறு துளை வழியே மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு, நான்கு அறைகளின் கொள்ளளவையும் அளந்துகொண்டிருந்தார்கள். மூன்று அறைகள் ஒன்றுபோலவே இருந்தன. நான்காவது அறை ஒரு கன சென்டிமீட்டருக்கு மேல் சிறிதாக இருந்தது. எப்போதோ யாரோ செய்த பழுதின் மிச்சம் அதன் ஓரத்தில் திரண்டிருந்தது. உடைந்த பிஸ்டன் எந்த உருளையில் இருந்தது என்று கேட்டேன். பியூரெட்டைப் பிடித்திருந்த மாணவர் நிமிராமலே, "நாலாவதுதான் சார்" என்றார்.